ஏழாம் டிராக்கின் நிஜ வேகம்

ஒரு போனுக்குள் பதினொரு திருகாணி போட, காவாந்தண்டலத்துத் தமிழ்ச்செல்விக்கு இருபத்திரண்டு நொடி ஆகும். ஒரகடம் பக்கம் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில், அந்த லைனில் வேறு யாரும் இருபத்தெட்டுக்குக் கீழே வந்ததில்லை. சூப்பர்வைசர் சில நாள் கையில் ஸ்டாப்வாட்சோடு பின்னால் வந்து நிற்பார். பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போவார். அந்த வேகம் கிடாரிலிருந்து வந்தது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

கிடார் அவள் கைக்கு வந்து பத்து வருடம் இருக்கும். கம்பெனி ஹாஸ்டலில் கூடத் தங்கியிருந்த மிசோரம் பெண் ஒருத்தி வேலையை விட்டு ஊருக்குத் திரும்பும்போது, ரயிலில் இவ்வளவு சாமான் ஆகாது என்று தன்னுடைய எலெக்ட்ரிக் கிடாரையும் அதன் சத்தத்தைக் கூட்டும் சின்ன ஆம்ப் ஒன்றையும் செல்வியிடம் விட்டுவிட்டுப் போனாள். போவதற்கு முந்தின வாரம் மூன்று கார்ட்ஸ் சொல்லிக்கொடுத்தாள். இடது கை விரல்களை இன்ன இன்ன இடத்தில் வைத்து ஆறு கம்பியையும் ஒன்றாகத் தட்டும் பிடிக்குத்தான் அந்தப் பேர். அதற்கு மேல் சொல்லித்தர ஆளில்லை. செல்வி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் மொபைல் கடை வைத்திருந்த லுக்மான் பாயிடம் போய் மெமரி கார்டை நீட்டினாள்.

"பாய், கிடார் சத்தம் நெறய வர்ற பாட்டா ஏத்திக் குடுங்க."

லுக்மான் எங்கிருந்தோ தேடி இறக்கி முப்பத்தோரு இங்கிலீஷ் ராக் பாட்டு ஏற்றிக் கொடுத்தார். ஒன்றுக்கும் பேர் கிடையாது. டிராக் ஒன்று, டிராக் இரண்டு என்று நம்பர்தான்.

ஏழாவது பாட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. அதில் ஒரு பொம்பளைக் குரல் கம்மிய தொண்டையில் ஆரம்பித்துக் கிறீச்சென்று உச்சிக்கு ஏறும். குரல் நின்ற இடத்தில் கிடார் எடுக்கும். ஒரு நிமிடம் பத்து நொடி, மூச்சு விட இடமில்லாமல் ஓடும். பாடுகிறவளே வாசிக்கவும் செய்கிறாள் என்று செல்வி முடிவு கட்டிவிட்டாள். அப்படி முடிவு கட்ட ஆதாரம் ஒன்றும் இல்லை, ஆசைதான். பாடுகிறவளுக்கு முகம்கூட ஒன்று கற்பனை பண்ணி வைத்திருந்தாள். உயரமான பெண், தலைமுடியை உச்சியில் கட்டியிருப்பாள், விரல் நுனியெல்லாம் தன்னுடையதைப் போலவே காய்த்துப் போயிருக்கும்.

அந்த ஒரு நிமிடம் பத்து நொடியைக் கையில் கொண்டுவர நாலு வருடம் ஆயிற்று. பாட்டோடு சேர்ந்து ஒலிக்கக் கம்பியை முறுக்க வேண்டியிருந்தது, முறுக்கினால் அறுந்தது. மாதத்துக்கு இரண்டு செட் கம்பி காஞ்சிபுரத்திலிருந்து வாங்கினாள். ஒரு தடவை அறுந்த கம்பி தெறித்து வலது புருவத்தைக் கிழித்தது. மணிக்கட்டில் வலி வந்து ஒரு மழைக்காலம் முழுக்க க்ரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். அவள் புருஷன் வசந்த்குமார் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவன், வருடத்தில் பாதி நாள் தஞ்சாவூர்ப் பக்கமும் ஆந்திராவிலும் கழியும். அதனால் செல்வி அம்மா வீட்டில்தான் இருந்தாள். அம்மா கனகாவுக்கும் ஏழாவது பாட்டு மனப்பாடம். "உன் பொம்பள கத்த ஆரம்பிச்சிட்டா பாரு, மாடு மெரளுது" என்பாள்.

நெட் மலிவாகி போனில் யூடியூப் பார்க்க முடிந்த பிறகு செல்வி வெளிநாட்டுக் கிடார்காரர்களைப் பார்த்திருக்கிறாள். அவர்கள் விரல்கள் அவளுக்கு மெதுவாகத் தெரிந்தன. மேடையில் ஜனங்களுக்காக நிதானமாக வாசிக்கிறார்கள் போலிருக்கிறது, ரெக்கார்டிங்கில்தான் நிஜ வேகத்தைக் காட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஏழாவது பாட்டின் பேர் தெரியாததால் அதைத் தேட அவளுக்கு வழியும் இல்லை.

உத்திரமேரூர் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஜமீருக்கு டிரம்ஸ் பைத்தியம். அவன் நடத்தும் ஆர்கெஸ்ட்ராவில் செல்வி ஐந்து வருடமாக லீட் கிடார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு மேலே பைப்புகளும் பெயின்ட் டப்பாக்களும் அடுக்கிய குடோனில் பிராக்டிஸ். திருவிழாக்களில் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே ஒரு தடவை அவளைத் தனியாக முன்னால் விடுவான். ஏழாவது பாட்டின் அந்தத் துண்டை வாசித்து முடிப்பதற்குள் விசில் காதைப் பிளக்கும்.

இந்த நேரத்தில்தான் அருள்தாஸ் வந்தார். முப்பத்தெட்டு வயது, செங்கல்பட்டு ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் வேலை. மனைவிக்கு உத்திரமேரூருக்கு நர்ஸ் வேலை மாற்றலானதால் குடும்பத்தோடு இங்கே குடிவந்திருந்தார். அதற்கு முன்னால் பல வருடம் சென்னை ஓட்டல் ஒன்றில் சனிக்கிழமைகளில் ஜாஸ் வாசித்தவர். ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாவது கிடாருக்கு ஆள் இல்லாமல் தவித்த ஜமீர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டான்.

அவர் வாசித்தது செல்விக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை. விரல் அசைவதே தெரியாது. தெரிந்த பாட்டை ஆரம்பிப்பார், எங்கோ விலகிப் போவார், திடீரென்று பழைய இடத்துக்கே வந்து நிற்பார்.

"அண்ணா வழி தெரியாம சுத்திக்கினு வர்றாரு" என்றாள் ஜமீரிடம், அவர் காதில் விழும்படியே.

அருள்தாஸ் சிரித்தார். "வழி தெரிஞ்சுதான்மா சுத்தறேன்."

"ராக்குல இதெல்லாம் நடக்குமா? ஒரு சுரம் மாறினா கூட கேக்கறவன் கண்டுபுடிச்சிடுவான். ஜாஸ்ல இன்னா வேணா அடிக்கலாம், யாருக்குத் தெரியப் போவுது?"

ஜமீருக்கு வம்பு பிடிக்கும். "இதப் பேசிக்கினு இருந்தா தீராது. ரெண்டு பேரும் வாசிங்க. யாரு பெரிய கைன்னு பாத்துடலாம்" என்றான்.

செல்வி எழுந்து ஆம்ப்பைக் கூட்டி வைத்தாள். ஏழாவது பாட்டை வாசித்தாள். அன்றைக்குக் கையும் நன்றாக ஓடியது. முடித்துவிட்டு நிமிர்ந்தால் அருள்தாஸ் கை தட்டவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. டீ கிளாஸைப் பெயின்ட் டப்பா மேல் வைக்கப் போனவர் டப்பாவைப் பார்க்காமலே வைத்தார். கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. அதையும் பார்க்கவில்லை.

"இன்னொரு வாட்டி வாசி."

வாசித்தாள்.

"இத எங்க கத்துக்கின?"

"பாட்டக் கேட்டுத்தான்."

"எந்தப் பாட்ட? போட்டுக் காட்டு."

அவள் தன் போனில் ஏழாவதைப் போட்டாள். அந்தப் பெண் பாட ஆரம்பித்ததுமே அருள்தாஸின் நெற்றி சுருங்கியது. பாதியில் தன் போனை எடுத்து ஏதோ தேடினார். "இதக் கேளு" என்றார்.

அதே பாட்டுதான். ஆனால் யாரோ ஒரு ஆம்பளை பாடினான். கொஞ்சம் கரகரத்த குரல், கீழே இருந்தது. எல்லாமே சேற்றில் நடப்பது போல நடந்தது. கிடார் வந்தது. அவளுக்கு உள்ளங்கை ரேகை போலத் தெரிந்த அதே சுரங்கள் ஒவ்வொன்றாக, சாவகாசமாக வந்தன.

"யாரோ காப்பி அடிச்சிப் பாடி கீறான். உங்க போன்ல கோளாறாண்ணா?"

"கோளாறில்ல. இதான் ஒரிஜினல். பாடினவரு இவருதான். வாசிச்சவரு அவரோட பேண்டுல இருந்த இன்னொரு ஆளு."

"பொம்பள இல்லியா?"

"அந்த பேண்டுலயே பொம்பள கிடையாதும்மா."

செல்வி அவர் முகத்தையே பார்த்தாள். கிண்டல் செய்கிறாரோ என்று தேடினாள். ஜமீர் தன் போனில் தாளத்தை எண்ணும் ஆப்பைத் திறந்து இரண்டுக்கும் மாறி மாறித் தட்டினான். ஒரிஜினல் நிமிடத்துக்கு நூற்றி இருபது தாளம். செல்வி வைத்திருந்தது நூற்றி முப்பத்தி நாலு. சுருதியும் ஒரு கட்டை மேலே.

"ஸ்பீட ஏத்தி உட்டு கீறாங்க. அதான் குரலு கீச்சுன்னு ஆயிடுச்சி" என்றான் ஜமீர் மெதுவாக.

அவள் கிடாரைக் கழற்றிக் கீழே வைத்தாள். உறையில் போடக்கூட இல்லை. படியிறங்கி நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

லுக்மான் யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை அவர் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. புரிந்ததும் கையிலிருந்ததை அப்படியே வைத்தார்.

"யா அல்லா. அது அப்பல்லாம் வர்றதே அப்பிடித்தாம்மா. ஒரிஜினலா நெட்ல ஏத்துனா பாட்டுக் கம்பெனிக்காரன் கண்டுபுடிச்சித் தூக்கிடுவான். அதுக்காவ ஏத்தறவனுங்க கொஞ்சம் ஸ்பீடு கூட்டி உடுவானுங்க. நான் இறக்கினேன், குடுத்தேன். கேட்டுக்கூட பாக்கல. நீ அத வெச்சி கத்துக்குவன்னு நான் இன்னாத்தக் கண்டேன்?"

"முப்பத்தொண்ணும் அப்பிடித்தானா பாய்?"

"ஒரே எடத்துல இறக்குனதும்மா."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. திட்ட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். அவர் முகமே வெளுத்துப் போயிருந்ததைப் பார்த்ததும் திட்டு வரவில்லை.

வீட்டில் கனகா விஷயத்தைக் கேட்டுவிட்டு, மாட்டுக்கு வைக்கோல் போடப் போனவள் திரும்பி வந்தாள். "ஆம்பளையா?" என்றாள். "பத்து வருசமா நம்ம வூட்டுல கத்திக்கினு இருந்தது ஆம்பளையா? நான் யாரோ தொண்ட கட்டின பொண்ணுன்னு எவ்ளோ பாவப்பட்டு கீறேன்." பிறகு மகளின் முகத்தைப் பார்த்து, "அப்ப அந்த மாதிரி எந்தப் பொம்பளையும் வாசிக்கலியாடி?" என்றாள்.

செல்வி திண்ணையில் போய் உட்கார்ந்தாள். அந்த உயரமான பெண்ணின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள், வரவில்லை. யாரோ செத்துப் போன செய்தி கேட்டது போல இருந்தது. சாவு என்றால் அழலாம். இல்லாதவளுக்காக எப்படி அழுவது?

நெல்லூர்ப் பக்கம் மிஷினில் இருந்த வசந்த்குமாருக்குப் போன் போட்டாள். இன்ஜின் சத்தத்தில் அவன் கத்திப் பேசினான்.

"இரு, இரு. அவன் வாசிச்சத விட நீ பாஸ்ட்டா வாசிக்கிற, அதானே? அப்ப நீதானே பெரிய ஆளு? இதுக்கு ஏன் இப்பிடி இடிஞ்சி போற?"

"உனக்குப் புரியலய்யா. அந்த வேகத்துல யாருமே ஓடல. நான் மட்டும் கைய ஒடச்சிக்கினு ஓடி கீறேன்."

இன்ஜின் சத்தம் நின்றது. அவன் வண்டியை நிறுத்தியிருந்தான். "புருவத்துல அடிபட்டுச்சே, அதுவும் இதாலதானா?" என்று கேட்டான். அப்போதுதான் அவளுக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

பதிமூன்று நாள் கிடாரை எடுக்கவில்லை. கம்பெனியில் பதினொரு திருகாணிக்கு முப்பத்தோரு நொடி ஆயிற்று. "ஒடம்பு சரியில்லையா செல்வி?" என்று சூப்பர்வைசர் கேட்டார். அந்தப் பதிமூன்று நாளும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஒரிஜினல் பாட்டைக் கேட்டாள். ஜமீர் எல்லாவற்றையும் பேரோடு தேடி அனுப்பியிருந்தான். முதலில் எரிச்சலாக இருந்தது. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, பஸ் ஒரகடத்தை நெருங்கும்போது, ஏழாவது பாட்டின் கிடார் துண்டில் ஒரு இடைவெளியைக் கண்டாள். வாசிக்கிறவன் ஒரு சுரத்தை இழுத்து நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தான். விரல் கம்பியில் உரசும் சத்தம் கேட்டது. அவளுடைய டிராக்கில் அந்த இடம் சுருங்கி, காதில் பட்டதே இல்லை. ஓட்டத்தில் அடைபட்டுப் போயிருந்தது. சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து திரும்பத் திரும்ப அதையே போட்டாள். இதையா நான் இத்தனை நாள் தாண்டித் தாண்டி வந்தேன்?

பதினாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, குடோனுக்குப் போனாள். அருள்தாஸ் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"செல்வி, ஒண்ணு சொல்லணும். இந்த ரெண்டு வாரமா உன் ஸ்பீடுல அத வாசிக்கப் பாத்தேன். முடியல. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேரு, மெட்ராஸ்ல பேர் வாங்குன கை, அவங்களையும் கேட்டேன். அவங்களாலயும் முடியல."

அவள் அதற்குச் சந்தோஷப்படவில்லை. "நீங்க வாசிக்கறது இன்னான்னு இன்னிக்கிச் சொல்லுங்கண்ணா" என்றாள்.

"சொன்னா புரியாது. நீ உன் ஏழாவத வாசி. நான் உனக்குக் கீழ, துணைக்கு வாசிக்கற கார்ட்ஸ மட்டும் மாத்தறேன்."

வாசிக்கத் தொடங்கினாள். முதல் வரி சரியாக இருந்தது. இரண்டாவதில் அருள்தாஸின் கை சற்று நகர்ந்தது. அவ்வளவுதான். அதே சுரங்கள், அதே விரல்கள், கேட்கச் சகிக்கவில்லை. நல்ல சாதத்தில் கல் கிடப்பது போல நெருடிக்கொண்டே வந்தது. நிறுத்திவிட்டாள்.

"நான் தப்பா வாசிக்கலியே!"

"தப்பா வாசிக்கல. கீழ நான் எடம் மாறிட்டேன். நீ கவனிக்கல. ஜாஸ்காரனுக்கு வேலையே இதாம்மா. கீழ மாறுறத காதால புடிக்கணும், புடிச்ச அந்த நொடியிலயே மேல புதுசா ஒண்ணு சொல்லணும். சரி, எதையாச்சும் சொந்தமா வாசியேன். மூணே மூணு சுரம் போதும்."

விரலைக் கம்பியில் வைத்தாள். ஒன்றும் வரவில்லை. முப்பத்தோரு பாட்டு கைக்குள் இருந்தது. அவற்றில் ஒன்றுகூட அவளுடையது இல்லை. திரும்பிப் பார்த்தபோது ஜமீர்கூட டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கு ரோஷம் வந்தது. "சரிண்ணா. இப்ப நீங்க. ஒரே ஒரு சுரம். கம்பிய வளச்சி மேல இழுங்க, மேல் சுரம் வந்ததும் அங்கியே எட்டு தாளம் நிறுத்துங்க. ஆடக் கூடாது, எறங்கக் கூடாது."

தன் கிடாரைக் கொடுத்தாள். அருள்தாஸ் இழுத்தார். கம்பி ஏறி, சேர வேண்டிய சுரத்துக்கு ஒரு மயிரிழை கீழே நின்று, நாலாவது தாளத்தில் துவண்டு இறங்கியது. மறுபடி இழுத்தார். மூன்றாவது தடவை விரல் நுனியில் ரத்தம் வந்தது. ஆயிரம் கார்ட்ஸ் தெரிந்த மனிதர் தன் விரலையே வெறித்துப் பார்த்தார்.

"இருவது வருசமா வாசிக்கறேன். இது ஈஸின்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"ஜமீரு, யாரு பெரிய கைன்னு கேட்டியே, சொல்லு" என்றாள் செல்வி.

"எனக்கு பேஜாரா கீது" என்றான் ஜமீர். "ரெண்டு பேருக்கும் கை கீது. ஆனா ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் துளிகூட தெரியல. அதெப்படி?"

மூன்று வாரம் கழித்து ராஜகுளத்தில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து. மத்தியானக் கச்சேரி. இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. செல்வி அன்று கிடாரின் சுருதியைச் சாதாரண இடத்துக்கே இறக்கி வைத்திருந்தாள். ஏழாவதை ஒரிஜினல் வேகத்தில் வாசிக்கப் போகிறேன் என்று சொன்னபோது ஜமீர் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஸ்லோவா கீதுன்னு கட்டாயம் கத்துவானுங்க செல்வி."

ஆரம்பித்தாள். அந்த இடைவெளி வந்தது. சுரத்தை இழுத்து நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அந்தச் சின்ன மௌனத்தில் அருள்தாஸ் மூன்று கார்ட்ஸை மெல்ல வைத்தார். பிராக்டிஸில் இல்லாதவை. அடுத்து அவள் வாசிக்க வேண்டிய வரி அவற்றின்மேல் போனால் இடிக்கும் என்பது காதுக்குப் புரிந்தது, மனதுக்குப் புரிவதற்கு முன்னாலேயே. விரல்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டன. நாலு சுரம். எந்த டிராக்கிலும் இல்லாத நாலு சுரம்.

அதில் மூன்றாவது சுரம் தப்பு. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அருள்தாஸைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே, திரும்ப அதையே வாசி என்றார். பயந்துகொண்டே அதே தப்புச் சுரத்தைத் தொட்டாள். அவர் கீழே கார்ட்ஸை நகர்த்தினார். தப்பு சரியாகிப் போனது. கண்ணெதிரே தண்ணீர் மேல் நோக்கி ஏறியதுபோல இருந்தது செல்விக்கு. தன்னை மறந்து வாயைத் திறந்துகொண்டு தன் இடது கையையே பார்த்தாள்.

மண்டபத்தில் யாரும் கவனிக்கவில்லை. பந்தியில் ஒருவர் ரசத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். வாசல் பக்கமிருந்து ஒரு பையன் கத்தினான்: "யக்கா, பாஸ்ட்டா அடிக்கா!"

அடித்தாள். நூற்றி முப்பத்தி நாலில், அவளுடைய பழைய வேகத்தில், தொடக்கத்திலிருந்து. விசில் பறந்தது. அதை வாசிக்கும்போது முதல் தடவையாகப் பாட்டை எட்டிப் பிடிக்க வேண்டும் என்ற பதற்றம் இல்லை. முன்னால் யாரும் ஓடவில்லை என்று இப்போது தெரிந்திருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அந்த நாலு சுரத்தை வாசித்துக் காட்டினாள். "இவ்ளோதானா?" என்றாள் கனகா. "இதுக்கா மூஞ்சி இப்பிடி பேயறஞ்ச மாதிரி கீது?"

"இவ்ளோதாம்மா."

இப்போது புதன்கிழமை சாயங்காலங்களிலும் செல்வியும் அருள்தாஸும் குடோனில் உட்காருகிறார்கள். செல்வியால் கார்ட்ஸ் மாறி மாறிப் போகும்போது ஏறக்குறைய இரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்க முடிகிறது. அப்புறம் வழி தவறிவிடும். அருள்தாஸால் சுரத்தை ஆறு தாளம் வரை நிறுத்த முடிகிறது. எட்டு இன்னும் எட்டவில்லை. சண்டை மட்டும் ஓயவில்லை. போன புதன்கிழமை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார்கள். ராக்கில் ஒரே வரியை ஆயிரம் தடவை சுத்தமாக வாசிக்க எவ்வளவு உறுதி வேண்டும் என்று அவள் சொன்னாள். ஒரே வரியை இரண்டாம் தடவை வாசிக்காமலிருக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அவர் சொன்னார். காஞ்சிபுரம் பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த செல்வி தலையை வெளியே நீட்டினாள்.

"அந்தத் தப்பு சுரத்த மொதல்ல தொட்டது யாரு? நான்தானே?"

"நீதான். அதுல இன்னா சந்தேகம்?"

"அப்ப தைரியம் யாருக்கு?"

அருள்தாஸ் பதில் சொல்ல வாயெடுத்தார். டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே வண்டியை எடுத்துவிட்டார்.